மேலும் ஆராய்ச்சி தேவை

வீட்டில் அவளுக்குப் ‘புள்ளிவிவரம்’ என்று பட்டப்பெயர். கருவைக் கலைத்த பிறகு பெண்களின் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று ஆராய்வதுதான் அவள் வேலை. கருக்கலைப்பைத் தடுக்க வேண்டும் என்பவர்களும் தடுக்கவே கூடாது என்பவர்களும் அவளை ஒரே மாதிரி திட்டுவார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாட்டில் ஒற்றுமை நிலவியது. எதைக் கேட்டாலும் பிடிகொடுக்காமல் வழவழா கொழகொழாவென்று பேசி, கடைசியில் “மேலும் ஆராய்ச்சி தேவை” என்று முடித்துவிடுவாளே! அதில் அவளுக்குப் பெருமை வேறு.

திங்கட்கிழமை மதியம் தங்கை போன் செய்தாள்.

“அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. இருக்கிற ரெண்டே போதும்னு நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். அவர் கப்பல்ல இருக்கார், இப்போ வர முடியாது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. பயமா இருக்குக்கா.”

ஊர் உலகத்தில் எந்த அக்காவாக இருந்தாலும் “நான் வர்றேன்டி” என்றிருப்பாள். இந்த மகராசி, தான் எழுதிய கட்டுரையை அனுப்பிவைத்தாள். நாற்பது பக்கம், அடிக்குறிப்புகள் தனி. அனுப்பிவிட்டு, பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனாள்.

அதே வியாழக்கிழமைதான் அவள் சட்டக் குழுவின் முன்னால் பேச வேண்டிய நாளும். கருவைக் கலைக்க வருகிறவர்களைக் கட்டாயமாக ஒரு வாரம் காக்கவைக்கலாமா என்று ஆலோசிக்கிற குழு அது. தங்கை என்ன சின்னக் குழந்தையா, சமாளித்துக்கொள்வாள், இங்கே நாடே தனக்காகக் காத்திருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனாள். நாடு ஒன்றும் காத்திருக்கவில்லை. குழுவில் பாதிப் பேர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

“சுத்திவளைக்காம சொல்லுங்கம்மா,” என்றார் தலைவர். “கருவைக் கலைச்சா பொம்பளைங்க மனசு கெடுமா, கெடாதா?”

“ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுங்க. எங்க ஆய்வுல பெரும்பாலானவங்க நிம்மதியாதான் இருந்தாங்க. சில பேர் ரொம்பக் கஷ்டப்பட்டாங்க.”

“எந்தச் சில பேர்?”

“தனியா போனவங்க. கூட ஒரு ஆள் துணைக்கு இருந்தவங்க அவ்வளவா...”

அடிப்பாவி! கருத்தரங்கம் கருத்தரங்கமாகப் போய் அவளே வாசித்த வரிதான். இன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது.

“மன்னிச்சுக்கோங்க,” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எதிர்த்தரப்பைக் கண்டித்துத்தான் வெளிநடப்பு செய்கிறாள் என்று நினைத்து குழுவிலிருந்த இரண்டு தரப்பும் கைதட்டின. வாராது வந்த கைதட்டலை நின்று கேட்கக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வார்டு வாசலில் நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்கதானா அந்த அக்கா? துணைக்கு யாரும்மான்னு கேட்கிறப்பல்லாம், ‘அக்கா வந்துட்டே இருக்கா’ன்னு காலையிலேருந்து சொல்லிட்டு இருந்தாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. உள்ள போங்க.”

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தங்கை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் ஜூஸைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

“வலிக்குதாடி?”

“உன் ஆய்வுல கேட்கிற மாதிரி ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள மார்க் போட்டுச் சொல்லணுமா?” என்று தங்கை சிரித்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. “உன் கட்டுரையைப் படிச்சேன்க்கா. தனியா போறவங்கதான் கஷ்டப்படுறாங்கன்னு எழுதியிருக்கே. எழுதினவ கண்டிப்பா வருவான்னு நினைச்சேன். இப்போ என்னை எந்தக் கணக்குல சேர்ப்ப? துணையோட வந்தவளா, தனியா வந்தவளா?”

அந்தப் பழைய மூன்று வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. சனியன்களை விழுங்கினாள். கண் கலங்கியது.

“தனியா,” என்றாள். “உன்னைத் தனியா விட்டுட்டேன்டி.”

இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு கேள்விக்கு அவள் நேராகச் சொன்ன முதல் பதில் அது. தங்கை மறுக்கவில்லை. டம்ளரை அக்கா கையில் கொடுத்துவிட்டு, கட்டிலில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.