ஆயிரத்துப் பத்து

காலை ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குள் நுழைந்தால், சமையலறையில் ட்ரெவர் முட்டி போட்டிருக்கிறான். மேசைமேல் உயரமான குடுவை, அதில் பீர், பீரில் மிதக்கும் ஹைட்ரோமீட்டர், எண் போட்ட கண்ணாடிக் குழாய். சர்ச்சுக்குள்கூட என் புருஷன் இவ்வளவு பக்தியாக முட்டி போட்டதில்லை.

“எவ்ளோ?” என்றேன், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

“ஆயிரத்துப் பதினாறு, கண்ணு.”

“நேத்து பன்னெண்டுன்னியே?”

“அதான் எனக்கும் புரியல.”

பீரில் சர்க்கரை மிச்சமிருந்தால் அந்தக் கண்ணாடிக் குழாய் உயர மிதக்கும். ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டால் தாழ இறங்கும். இறங்கிய எண் இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் பாட்டிலில் அடைக்கலாம். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ட்ரெவரின் எண் மட்டும் நிற்கவே நிற்காது.

எங்கள் ஊர் பர்ட்டன், இங்கிலாந்தில் பீருக்கே பேர்போன ஊர். காற்றடித்தால் பீர் ஆலைகளில் முளைகட்டி வறுத்த பார்லியின் மால்ட் வாசம் வீட்டுக்குள் வரும், தெருவுக்குத் தெரு பப். இங்கே ஒருவன் வீட்டில் வாளி வைத்து பீர் காய்ச்சுகிறான் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். நான் சிரிக்கவில்லை. போன குளிர்காலத்தில், உறைந்த சாலையில் அவன் லாரி வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற காரை இடிக்க ஒரு முழமே இருக்கும்போது நின்றது. காரில் இரண்டு குழந்தைகள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்றோடு ட்ரெவர் வண்டிச் சாவியைத் தொடவில்லை. பீர் காய்ச்சப் போகிறேன் என்றபோது, நாற்காலியை விட்டு எழுந்தானே, அதுவே போதும் என்றிருந்தது.

நான் பஸ் ஓட்டுகிறேன். ஒரு சம்பளத்தில் குடும்பம் நடக்காது என்று மாலை ஷிஃப்டும் சேர்த்து ஓட்டுகிறேன். ராத்திரி காலைத் தூக்கிக் கட்டிலில் போடக்கூடத் தெம்பிருக்காது. எங்கள் டிப்போவில் ஓர் ஓட்டுநர் இடம் காலியாக இருந்தது. மேற்பார்வையாளர் டெர்ரி அதை ட்ரெவருக்காகப் பிடித்து வைத்திருந்தார். “பீரை பாட்டில்ல அடைச்சதும் வந்துடறேன்” என்று இவனும் வாக்குக் கொடுத்திருந்தான்.

அன்று காலை டெர்ரி சொல்லிவிட்டார். “மாரீன், அது பீரா, பிள்ளையா? பிள்ளைகூட ஒம்பது மாசத்துல வந்துடும். வெள்ளிக்கிழமைக்கு மேல அந்த இடத்தைப் பிடிச்சு வைக்க என்னால முடியாதும்மா.”

மறுநாள் ட்ரெவர் கடைக்குப் போன நேரம் பார்த்து நானே பீர் வாளியின் குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்தேன். ஹைட்ரோமீட்டர் பெட்டியோடு வந்த தாளில் எல்லாம் தெளிவாகத்தான் போட்டிருந்தது. இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி வாயுவைப் போக்கினேன். சொன்ன சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தேன். ஹைட்ரோமீட்டரை இறக்கி விரலால் ஒரு சுழற்று சுழற்றினேன். ஒட்டியிருந்த குமிழிகள் எல்லாம் விட்டுப் போயின. அந்தக் குமிழிகள்தான் கண்ணாடியைத் தூக்கிக் காட்டும். விளிம்பில் ஏறி நிற்கும் பீரை விட்டுவிட்டு, நடுமட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஆயிரத்துப் பத்து. அடுத்த நாளும் அதே. வெள்ளிக்கிழமையும் அதே.

இந்த மனுஷனுக்கு ஒரு கண்ணாடியைச் சுழற்றத் தெரியாமலா நான் ரெண்டு ஷிஃப்ட் ஓட்டிச் சாகிறேன் என்று பற்றிக்கொண்டு வந்தது. அவன் வந்ததும் குடுவையை முன்னால் தள்ளினேன்.

“பத்து. மூணு நாளா பத்து. உன் பீர் எப்பவோ ஆயிடுச்சு, ட்ரெவர். இதைச் சுத்தணும்னு உனக்குத் தெரியாதா?”

அவன் குடுவையைப் பார்க்கவில்லை. “தெரியும்.”

“என்ன தெரியும்?”

“சுத்தணும்னு தெரியும். பத்துன்னும் தெரியும். போன மாசமே நின்னுடுச்சு.” நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான். “நீ வர்ற நேரத்துக்கு மட்டும் சுத்தாம அளப்பேன். குமிழி எவ்ளோ தூக்குதோ அவ்ளோ சொல்லுவேன். உங்கிட்ட பொய் சொல்லல பாரு, அந்த நம்பர் நிஜமாவே அங்க நிக்கும்.”

“ஏன்டா?”

“அடைச்சுட்டா ஓட்டணும்ல. கண்ணை மூடினா அந்தக் குழந்தைங்க பின்கண்ணாடி வழியா என்னையே பாக்குதுங்க, மாரீன். பஸ்ஸுல நாப்பது பேரு. என்னால முடியாது.”

திட்ட வாயெடுத்தேன். கோபத்துக்கும் தெம்பு வேண்டும், என்னிடம் இல்லை. பாவமாகவும் இருந்தது, என்னை நினைத்தும்தான்.

அவன் எதிரிலேயே டெர்ரிக்கு ஃபோன் போட்டேன். “அவர் வரலை டெர்ரி. வேற யாருக்காவது குடுத்துடுங்க. ஆமா, சாயங்கால ஷிஃப்டு நானே பாத்துக்கறேன். சனிக்கிழமையும் போடுங்க.”

ஃபோனை வைத்தேன். ட்ரெவர் எழுந்து போய்த் தொட்டியில் தண்ணீர் பிடித்துக் காலிப் பாட்டில்களைக் கழுவ ஆரம்பித்தான். நான் துடைத்து வைத்தேன்.

“சனிக்கிழமை உன் பஸ்ஸுல வரட்டுமா?” என்றான், திரும்பாமலே. “ஓட்ட இல்ல. சும்மா உக்காந்து வர்றேன். கடைசி சீட்டுல.”

“கடைசி சீட்டுல வேணாம்” என்றேன். “முன்னாடி உக்காரு. ரோடு அங்கேர்ந்துதான் தெரியும்.”