நாற்பதைத் தாண்டாத வண்டி

மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி எதற்கு என்று கணக்கு வாத்தியாரின் மனைவி ஒரே ஒருமுறை கேட்டாள். "கம்பீரம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் அவர். அந்தக் கம்பீரம் இரண்டு வருடமாக வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், அங்கிருந்து காய்கறிக் கடைக்கும் நாற்பதைத் தாண்டாத வேகத்தில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. என்ஜினை அலட்டக் கூடாது என்பது வாத்தியாரின் கொள்கை. சிக்னல் கண்ணில் பட்டாலே அணைத்துவிடுவார்.

மனைவிக்கும் லைசென்ஸ் உண்டு. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தாள். தினம் இருபது பேர் தங்கள் முட்டியையும் முதுகையும் நம்பி அவளிடம் ஒப்படைத்தார்கள். வண்டிச் சாவியை மட்டும் ஒப்படைக்க ஆளில்லை. "நீ மிதிக்கிற மிதியில வண்டி செத்துடும்" என்று சொல்லிவிட்டார் வாத்தியார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளை நீச்சல் போட்டிக்குக் கூட்டிப்போகும் வழியில், மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. வாத்தியார் ஆக்ஸிலேட்டரை அடிவரைக்கும் அழுத்தினார். வண்டி உறுமியதே தவிர நகர்ந்ததாகத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"ஒண்ணு செய்யலாம்," என்றார் வாத்தியார். "நீங்க ரெண்டு பேரும் இறங்கி நடங்க. எடை குறையும்."

"ஏழு பேர் உட்கார்ற வண்டிங்க இது."

"அது சமதரையில."

அம்மாவும் மகளும் இறங்கி நடந்தார்கள். பாலத்தின் உச்சியை அவர்கள் அடைந்து, தண்ணீர் குடித்து, ஆற்றை வேடிக்கை பார்த்து முடித்த பிறகு வண்டி வந்து சேர்ந்தது. மகளின் போட்டி அதற்குள் முடிந்திருந்தது. அவள் அழவில்லை. வீடு வரும்வரை வாயையே திறக்கவில்லை. அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் வைத்தியம் தொடங்கியது. வைத்தியர் மனைவியின் தம்பி. செல்போனில் பார்த்துப் பார்த்தே எல்லாத் தொழிலையும் கரைத்துக் குடித்தவன். "மாமா, நான் இருக்கும்போது மெக்கானிக் எதுக்கு?" என்று வந்தவன், டீசல் டாங்கில் ஏதோ ஒரு பாட்டில் மருந்தை ஊற்றினான். ஏர் ஃபில்டரைக் கழற்றி அக்காவின் தலைமுடி உலர்த்தும் கருவியால் ஊதினான். பிறகு பாரம் குறைக்கிறேன் பேர்வழி என்று ஸ்டெப்னி டயரை இறக்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தான். வண்டி முன்பு போலவே முனகியது. "இப்ப கொஞ்சம் தேவலாம் இல்ல?" என்றார் வாத்தியார். "பறக்குது மாமா," என்றான் தம்பி.

சனிக்கிழமை காலையில் மனைவி சாவியைக் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள். "நான் மெக்கானிக்கிட்ட போறேன். வர்றவங்க வரலாம்." வாத்தியார் சட்டை பட்டனைக்கூடப் போடாமல் ஓடிவந்து டிரைவர் சீட்டைப் பிடித்துக்கொண்டார். மகள் பின்னால் ஏறினாள்.

கயிற்றில் கட்டிய கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த மெக்கானிக் அதிகம் பேசாத ஆள். ஏர் ஃபில்டரைப் பார்த்தார், சுத்தம். காற்றுக் குழாய்களைத் தடவிப் பார்த்தார், விரிசல் இல்லை. என்ஜினை முறுக்கினார், பாதிக்கு மேல் முள் ஏற மறுத்தது. கடைசியாக மீட்டர் பலகையை உற்றுப் பார்த்தார்.

"இது என்ன?"

"பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்," என்றாள் மகள்.

"அதுக்கு அடியில?"

மெக்கானிக் நகத்தால் உரித்தார். ஆரஞ்சு விளக்கு ஒன்று பளிச்சென்று எரிந்தது.

"எத்தனை நாளா எரியுது?"

"எரியலையே," என்றார் வாத்தியார்.

"மூணு மாசமா எரியுது," என்றாள் மகள். "சும்மா சென்சார் கோளாறுன்னு மாமாதான் என்கிட்ட ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினாங்க."

மெக்கானிக் தன் கருவியைச் செருகி எண்களைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "சைலன்சர் வழியில புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒண்ணு இருக்கு. அது அடைச்சுப் போச்சு. புகை வெளிய போனாத்தானே காத்து உள்ள வரும்? அதான் இழுக்கல. நல்லா சூடானா அந்தக் கரி தானா எரிஞ்சிடும். உங்க வண்டி எங்க சூடாகுது? யாரு சார் ஓட்டுறது?"

"நான்தான். ரொம்ப ஜாக்கிரதையா ஓட்டுவேன்."

"அதான் வியாதி."

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வலிக்கும் என்று மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்காத முட்டிகளை அவள் பார்க்காததா? அவற்றின் சொந்தக்காரர்களும் இப்படித்தான், ஜாக்கிரதையாக இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

"முத்திப்போறதுக்குள்ள வந்துட்டீங்க," என்றார் மெக்கானிக். "மெயின் ரோட்டுல எண்பதுல அரை மணி நேரம் விரட்டினா சரியாயிடும். நானும் வர்றேன்."

மெயின் ரோட்டில் ஏறியதும் வாத்தியார் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்திரண்டில் கால் தானாகத் தூக்கிக்கொண்டது.

"சார், எண்பது."

"இதுவே எண்பது மாதிரிதான் இருக்கு."

மூன்று முறை சொல்லிப் பார்த்த மெக்கானிக், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓரமா நிறுத்துங்க. அம்மா, நீங்க வாங்க," என்றார்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் அந்த சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், மிதித்தாள். வண்டி முதலில் முரண்டு பிடித்தது. அவள் காலை எடுக்கவில்லை. அறுபது, எழுபது, எண்பது. பின் சீட்டில் வாத்தியார் மேலே இருந்த கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் ஜன்னலை இறக்கிவிட்டு, ஒரு வாரத்துக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

"கரி அளவு இறங்குது," என்றார் கருவியைப் பார்த்த மெக்கானிக். இருபதாவது நிமிடம் ஆரஞ்சு விளக்கு அணைந்தது. அதுவரை கனத்துக் கிடந்த வண்டி, முதுகில் யாரோ தட்டிவிட்டதுபோல் முன்னால் பாய்ந்தது. ஒரு லாரியை, பிறகு இரண்டு பேருந்துகளை அவள் வரிசையாகத் தாண்டினாள்.

"நான் அப்பவே நினைச்சேன், கரியாத்தான் இருக்கும்னு," என்றார் வாத்தியார் பின்னாலிருந்து.

"வாரத்துக்கு ஒரு தடவை இப்படி ஓட்டணும்," என்றார் மெக்கானிக். "இவங்களே ஓட்டட்டும். சரிம்மா, போதும். அடுத்த திருப்பத்துல திரும்பிடலாம்."

திருப்பம் வந்தது. அவள் நேராகப் போனாள்.

"திரும்பணும், திரும்பணும்!" என்று கத்தினார் வாத்தியார்.

"எதுக்குங்க அவசரம்? இன்னும் கொஞ்சம் கரி இருக்கலாம்," என்றாள் அவள். மெக்கானிக் மணியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், தன் சாப்பாட்டு நேரத்தை மறந்துவிட்டு சாய்ந்து உட்கார்ந்தார்.