ஆள் புழங்காத வீடு

தம்பி அக்காவுக்குத் தர வேண்டியிருந்தது நாலு லட்சத்து முப்பத்தேழாயிரத்து இருநூற்றைம்பது. தையல் கம்பெனியை இழுத்து மூடியபோது, பத்தொன்பது வருச உழைப்புக்கு முதலாளி அவள் கையில் வைத்த பணம் அது. டைல்ஸ் ஒட்டும் தம்பி, தான் வேலை பார்த்த அடுக்குமாடியிலேயே ஒரு வீட்டுக்கு அதை முன்பணமாகக் கட்டினான். மீதிக்கு வங்கிக் கடன்.

"தங்கம்கூட இறங்கும்க்கா, வீடு இறங்காது. ரெண்டே வருசம். வித்ததும் மொதல்ல உன் பணம்தான்."

ரெண்டாம் வருசம் விலை மடமடவென்று சரிந்தது. அதே வருசம் அக்காவின் கண்ணில் ஓரம் ஓரமாக இருட்டுக் கட்டியது.

"நரம்பு பட்டுப்போகுது. போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தணும்னா இந்த வருசமே ஆபரேஷன் பண்ணணும்" என்றார் கண் டாக்டர்.

அன்றைக்கே தம்பியிடம் போய் நின்றாள்.

"வித்துடுடா."

"இப்ப வித்தா அடிமாட்டு விலைக்குத்தான் போகும். பொறுக்கா. இன்னைக்கு இறங்கினது நாளைக்கு ஏறும்."

"என் கண்ணு ஏறாதேடா."

"எல்லாத்துக்கும் ஒரு பேச்சு வச்சிருக்க!" என்று சிரித்தான்.

"சரி, நானாவது அதுல இருந்துக்கறேன். ரூம் வாடகை மிச்சமாகும், ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சேத்து வைப்பேன்."

"ஆள் புழங்கிட்டா பழைய வீட்டு விலைதான்க்கா. ஒரு ஆணி அடிச்சிருந்தாக்கூட குறைச்சுக் கேப்பாங்க."

வீடு பூட்டியே கிடந்தது. ஒட்டிய டைல்ஸில் கீறல் விழாமல் அட்டை விரித்து வைத்திருந்தான். ஒற்றை ரூமில் சட்டைக்குப் பட்டன் தைத்துப் பிழைத்த அக்கா, ஞாயிற்றுக்கிழமைதோறும் ரெண்டு பஸ் மாறி வந்து, யாரும் இல்லாத மூன்று அறைகளைப் பெருக்கிவிட்டுப் போனாள். நாலாம் வருசம் தம்பி ஜன்னல் கட்டையில் விரலை இழுத்துப் பார்த்தான்.

"இவ்ளோ தூசி! கண்ணு எங்கக்கா போச்சு?"

"இந்த வீட்டுக்குள்ளதான்டா போச்சு."

அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் பெருக்குவதற்குக் கூலி கொடுத்து ஆள் போட்டான். அந்தக் கூலிக்கு அவனிடம் பணம் இருந்தது.

அவன் சொன்னதும் பொய்யில்லை. விலை ஏறத்தான் செய்தது, ஒன்பதாம் வருசத்தில். வாங்கியதைப்போல ரெண்டரை மடங்குக்கு விற்றான். அதற்குள் அக்காவுக்குப் பகலும் இரவும் ஒன்றாகிவிட்டிருந்தன.

பணத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்து, தானே சத்தமாக எண்ணிக் காட்டினான்.

"என்ன விலைக்குடா போச்சு?"

"அது எதுக்கு உனக்கு? பேங்க், தரகர், வரி எல்லாம் போக எனக்கே ஒண்ணும் நிக்கல. உன் பணம் வந்துருச்சுல்ல, அஞ்சு பைசா குறையாம?"

பிறகு ஒரு தாளை விரித்தான். "வாங்கிட்டேன்னு எழுதிருக்கு. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாரு."

"கையெழுத்தே போடறேன். எங்கன்னு காட்டு."

"கோணல்மாணலா விழும்க்கா."

அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தேய்த்துத் தாளில் அழுத்தினான். சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு தரம் அழுத்தினான். மை காய ஊதிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.