முன்னறையின் மௌனம்

பதினொன்று. நேற்று நான்குதான். எண்ணாமல் இருந்திருந்தால் வெறும் மரச்சத்தம் என்று விட்டிருக்கலாம்.

ஹில்யே ஹெட்போனைக் கழற்றவில்லை. படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வது ஒலிப்பதிவாளரான அவளுடைய வேலை. அந்த மௌனத்தில்தான், தலைக்கு மேலிருந்த உத்தரத்துக்குள் ஏதோ விட்டுவிட்டுப் பதினொரு முறை தெறித்தது. பிறகு சுண்ணாம்பு மணலாக உதிரும் ஓசை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நிலத்தடியில் இத்தனை காலம் எரிவாயு எடுத்ததில் அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விட்ட வீடு; வெளிச்சுவருக்கு மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்து நின்றன.

"முடிஞ்சுதா? சர்ச்சுலகூட நான் இவ்வளவு நேரம் வாய மூடினதில்ல," என்றாள் வீட்டுக்காரி ஃப்ரௌகே.

சனிக்கிழமை அவளுக்கு ஐம்பது வயது. ஐம்பதைக் கேலி செய்ய அண்டை வீட்டார் பழந்துணி திணித்துச் செய்த சாரா என்னும் கிழவி பொம்மை, விருந்துக்கு இரண்டு நாள் முன்பே ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிட்டது. விருந்தினருக்காகப் பத்தொன்பது நாற்காலிகள் வட்டமாக, சரியாக அந்த உத்தரத்தின் கீழே.

"பொறந்தநாள் கேக்கை மறைச்சு வைக்கணும். இவ பாக்குற பார்வையே சரியில்ல," என்று பொம்மையைக் காட்டிவிட்டு ஃப்ரௌகே காபி போடப் போனாள்.

ஹில்யே ஹெட்போனை இயக்குநர் ரீன்ட்ஸிடம் கொடுத்தாள். அவன் கேட்டான். அவன் முகத்தில் பயம் வரவில்லை. நல்ல வெளிச்சம் வாய்க்கும்போது வரும் முகம் வந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

அவன் தாழ்ந்த குரலில் பேசினான். இப்போது சொன்னால் அதிகாரிகள் இன்றைக்கே வீட்டைப் பூட்டி ஃப்ரௌகேயைத் தற்காலிகத் தகரக் குடிலுக்கு அனுப்பிவிடுவார்கள். நான்கு வருடமாக எடுத்த ஆவணப்படம் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு முடிந்துபோகும். திங்களன்று எப்படியும் பரிசோதகர் வருகிறார். நூற்றைம்பது வருடம் நின்ற மரம் இன்னும் நான்கு நாள் நிற்காதா?

இந்த வீட்டில் ஒரு கோப்பையைக்கூட அவன் படத்துக்காக நகர்த்தி வைத்ததில்லை. அதற்காகவே அவனை மதித்தவள் ஹில்யே. போன குளிர்காலத்தில் ஃப்ரௌகே மாடிப்படியில் அழுதபோது, இவளும் கையை நீட்டாமல் மைக்கைத்தான் இன்னும் நெருக்கமாக நீட்டினாள். அதை நேர்மை என்று நினைத்திருந்தாள்.

"நாம பாக்க வந்தவங்க, ஹில்யே. கை வைக்க வந்தவங்க இல்ல."

"சனிக்கிழமை அவங்க இதுக்குக் கீழ உக்காந்திருக்கும்போது நீ எங்க நிப்ப?"

"கேமராவோட, கதவுகிட்ட," என்றான். சொன்ன பிறகுதான் அது அவன் காதிலும் விழுந்தது போலிருந்தது. கண்ணை விலக்கிக்கொண்டான். "சனிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. அவ்வளவுதான் கேக்குறேன்."

சமையலறையில் கோப்பைகள் தட்டில் இடித்துக்கொண்டன.

"மாட்டேன், ரீன்ட்ஸ்," என்றாள் ஹில்யே, குரலை உயர்த்தாமல். ஃப்ரௌகேயை வெளியே கூட்டிப்போக, கொக்கியில் தொங்கிய அவளுடைய கோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.