முன்னூறு ஓட்டு வித்தியாசம்

இருபது வருஷமாக, நான்கு வருஷத்துக்கு ஒரு மே மாதம், ட்ரெவர் ஸ்டானிஃபோர்த்தின் சமையலறையில் ஒரே வசனம்தான். மனைவி பெரில் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு, மேட்டில் மூச்சு வாங்க ஏறி வருவாள். கோட்டைக் கழற்றி மாட்டுவாள். டீக்குக் கெட்டிலைப் போடுவாள். பிறகு சொல்வாள்:

"போட்டாச்சு. உனக்கில்ல."

"வேற யாருக்கு?"

"ரகசியம். சட்டமே அப்படித்தான் சொல்லுது, கவுன்சிலரே."

ஐந்து தேர்தலிலும் இதையே சொன்னாள். ஐந்திலும் அவர் ஜெயித்தார். ஷெஃபீல்ட் நகரசபையிலேயே பெண்டாட்டி ஆதரவு இல்லாமல் ஜெயிக்கிற ஒரே ஆள் தான்தான் என்று ட்ரெவர் பப்பில் சொல்லிக்கொள்வார். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களுக்கு நோய் வரும் அல்லது தோட்டம் வரும். இவருக்கு ஹாலோகேட் வார்டு வந்தது. கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். எரியாத தெருவிளக்கு, நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி, நாய் அசிங்கம், ரோட்டுப் பள்ளம் எல்லாம் தேதி, மணியோடு அதில் ஏறும். நோட்டு இல்லாமல் அவர் பால் வாங்கக்கூடப் போனதில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ரோட்டைக் கடக்க வெள்ளைக்கோடு வாங்கித் தந்தது அவருடைய வாழ்நாள் சாதனை. அதற்குப் பதின்மூன்று வருஷம் ஆனது. முதல் மனு கொடுத்தபோது மழலையர் வகுப்பில் இருந்த பிள்ளைகள், கோடு போட்ட நாளில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆறாவது தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிலுக்கு இடுப்பு எலும்பு மாற்றும் ஆபரேஷன் என்று தேதி வந்தது. ஓட்டு நாளில் ஆஸ்பத்திரியில் இருப்பாள். அதனால் அவளுக்குப் பதிலாக இன்னொருவர் ஓட்டுப் போடலாம் என்கிற படிவத்தைச் சமையலறை மேஜையில் வைத்து நிரப்பினார்கள். 'உங்கள் சார்பில் ஓட்டளிப்பவர்' என்ற இடத்தில் அவள் அவர் பெயரை எழுதினாள்.

"என்னையா போடச் சொல்ற?"

"வேற யாரு இருக்கா? பக்கத்து வீட்டு டெனிஸ்கிட்ட குடுத்தா, அவ நாய்கிட்ட கேட்டுட்டுப் போடுவா."

"யாருக்குப் போடணும்?"

"வழக்கம்போலத்தான். உனக்கில்ல. அந்த மஞ்சக்கட்சிப் பொண்ணு, ஃபியோனா டங்க்வொர்த், அவளுக்குப் போடு. ஷூவெல்லாம் பளபளன்னு வச்சிருக்கா."

"ஷூவைப் பார்த்தா ஓட்டு?"

"உன் மூஞ்சியப் பார்த்துக் கல்யாணமே பண்ணிக்கிட்டேன். ஷூ எவ்வளவோ தேவல." கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினாள். "ஏமாத்திடாத. ஏமாத்தினா எனக்குத் தெரிஞ்சிடும்."

"எப்படித் தெரியும்?"

"பொய் சொல்றப்ப நீ காதைத் தொடுவே. நாப்பத்துநாலு வருஷமாப் பார்க்கிறேன்."

ஆபரேஷன் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் காலை, டோஸ்ட்டைக் கையில் எடுத்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்கட்டி. வலது கை, வலது கால், வலது பக்க முகம், பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் போயின. இடுப்பு மட்டும் பிரமாதமாகப் பொருந்தியிருப்பதாக டாக்டர் சொன்னார். சொல்வது எல்லாம் அவளுக்குப் புரியும், திருப்பிச் சொல்லத்தான் முடியாது என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு ட்ரெவர் பிரசாரத்துக்குப் போனது பாதி நாள்தான். மீதியை அவருடைய ஏஜென்ட் தாஹிர் பார்த்துக்கொண்டான். முப்பது வயது, தொண்டை எப்போதும் கட்டியிருக்கும். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, யார் நமக்கு, யார் அவர்களுக்கு, யார் நாயை அவிழ்த்துவிடுகிற ரகம் என்று பட்டியல் வைத்திருந்தான்.

"தலைவரே, இந்தத் தடவை ரொம்ப இழுபறி. ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்."

"போன தடவையும் இதைத்தான சொன்ன."

"போன தடவை சும்மா சொன்னேன்."

புதன்கிழமை ட்ரெவர் தன்னுடைய நோட்டீசையும் ஃபியோனாவின் நோட்டீசையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார். இரண்டையும் பெரிலின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"நாளைக்கு ஓட்டு. நிஜமாத்தான் சொன்னியா, விளையாட்டுக்கா? எதுன்னு கையக் காட்டு, போதும்."

பெரில் இடது கையை நீட்டி அவருடைய நோட்டீசை வாங்கினாள். அவள் அதை மடித்து, மோவாயில் வழிந்திருந்த கஸ்டர்டைத் துடைத்துக்கொண்டு, தூங்கிப் போனாள். இது ஆதரவா எதிர்ப்பா என்று முடிவு செய்ய அவரிடம் எந்த விதிமுறையும் இல்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில், இருபது வருஷமாகத் தெரிந்த திருமதி பிராட்பென்ட் அவரிடம் அடையாள அட்டை கேட்டாள். அவர் முதியோர் பஸ் பாஸைக் காட்டினார். அவள் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது உங்களோடது. இது பெரிலோடது. கலந்துடாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எப்படி இருக்கா?"

"இடுப்பு நல்லா இருக்கு" என்றார்.

அட்டை மறைப்புக்குள், நூலில் கட்டிய குட்டைப் பென்சிலால் தன் சீட்டில் தன் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டார். பிறகு பெரிலின் சீட்டை எடுத்தார். பெயர்கள் நான்கு. ஃபியோனா முதலில், அவர் கடைசியில். யாருக்குத் தெரியப்போகிறது? பெட்டிக்குத் தெரியாது, திருமதி பிராட்பென்டுக்குத் தெரியாது. அவளுக்கேகூட... காது ஞாபகம் வந்தது. இருபது வருஷத்தில் வீடு, ஞாயிற்றுக்கிழமை, டெலிபோன் எல்லாவற்றையும் வார்டுக்குக் கொடுத்துவிட்டு அவள் தனக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒரு சீட்டைத்தான். வாய் இருக்கும்போது அவரிடம் கடைசியாகக் கேட்டதும் இதைத்தான்.

ட்ரெவர் ஃபியோனாவுக்குப் போட்டார்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு அரங்கில் எண்ணிக்கை. பூப்பந்துக் கோடுகளின் மேல் மேஜைகள். மதியத்துக்குள் போட்டி இரண்டே கட்டுகளுக்கு நடுவில்தான் என்று ஆகிவிட்டது, உயரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சந்தேகச் சீட்டுகளைத் தேர்தல் அதிகாரி தனியே எடுத்து வைத்தார். ஒருவர் ட்ரெவரின் கட்டத்துக்குள் சிரிக்கும் முகம் வரைந்திருந்தார். அதிகாரி கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "நோக்கம் தெளிவு. செல்லும்" என்றார். இன்னொருவர் எல்லாப் பெயரையும் சுற்றி வட்டம் போட்டு 'திருட்டுக் கும்பல்' என்று எழுதியிருந்தார்.

"நோக்கம் இதுலயும் தெளிவாத்தான் இருக்கு" என்றாள் ஃபியோனா.

"ஆனா செல்லாது" என்றார் அதிகாரி, சிரிக்காமல்.

ஃபியோனா ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ட்ரெவர் ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று.

தாஹிர் மறுபடி எண்ணச் சொன்னான். அதேதான் வந்தது. மூன்றாம் முறையும் எண்ணச் சொன்னான். அதேதான். அவன் தன் பட்டியலை நாற்காலிமேல் விரித்துவைத்து விரலால் தேய்த்துக்கொண்டே போனான்.

"ஒண்ணு! ஒரே ஒண்ணு! எவனோ ஒருத்தன் கால் மேல கால் போட்டு டிவி பார்த்திருக்கான் தலைவரே. யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன். இந்தப் பதினேழாம் நம்பர் வீட்டுக் கிழவர், மழைன்னு சொல்லி வரல. வியாழக்கிழமை எங்க மழை பேஞ்சுது?" திடீரென்று நிமிர்ந்தான். "பெரில் ஆன்ட்டி ஓட்டைப் போட்டீங்கல்ல?"

"போட்டேன்."

"அதானே. நீங்க மறப்பீங்களா?" என்று மறுபடி பட்டியலில் குனிந்தான்.

அறிவிப்பு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் ஃபியோனா வந்து கை கொடுத்தாள். ஷூ நிஜமாகவே பளபளவென்றுதான் இருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது.

"இது சரியாவே படல, ட்ரெவர். பெரில் அங்க படுத்திருக்கிறப்ப. இந்தத் தடவை எனக்கு டாஃபிகூட இல்ல."

"என்ன டாஃபி?"

"உங்களுக்குத் தெரியாதா? போன ரெண்டு தடவையும் நான் பள்ளிக்கூட வாசல்ல நிப்பேன்ல. ஓட்டுப் போட்டுட்டு வந்து ஒரு டாஃபியக் கையில திணிப்பாங்க. 'கோவிச்சுக்காத கண்ணு, கிழவனுக்குத்தான் போட்டேன்'னு சொல்லிட்டுப் போவாங்க. யாரு ஓட்டுக் கிடைச்சாலும் அவங்க ஓட்டு எனக்குக் கிடைக்காதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"எனக்கும்" என்றார் ட்ரெவர். காதுமடல் விரல்களுக்கு நடுவில் இருப்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அதைத்தான் யோசித்தார். இரண்டு பேரில் ஒருவரிடம் பெரில் பொய் சொல்லியிருக்கிறாள். ரகசிய ஓட்டு, யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் நாற்பத்துநாலு வருஷத்தில் பெரில் அவருக்கு ஒரு டாஃபி கொடுத்ததில்லை. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைக்குக் கொடுப்பாள், பரீட்சையில் கோட்டை விட்டவனுக்குக் கொடுப்பாள். தோற்றவர்களுக்கு மட்டும்தான் டாஃபி.

மூன்றாம் மாடியில் அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். சட்டையில் குத்தியிருந்த தன் கட்சியின் சிவப்பு ரிப்பன் பூவை அவர் கழற்ற மறந்திருந்தார். அவள் கண் அதில் நின்றது, பிறகு முகத்துக்கு வந்தது.

ட்ரெவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தோத்துட்டேன்."

பெரிலின் இடது புருவம் ஏறியது.

"கொஞ்சநஞ்சம் இல்ல. முன்னூறு ஓட்டு." கம்பியை இன்னும் இறுக்கினார். "அடி நல்ல அடி. தாஹிருக்குப் பேச்சே வரல."

அவள் அவருடைய ஒரு காதைப் பார்த்தாள். அடுத்த காதைப் பார்த்தாள். கம்பியில் வெளுத்துப்போயிருந்த விரல்களைப் பார்த்தாள்.

"உன் ஓட்டை நீ சொன்ன எடத்துலதான் போட்டேன். மஞ்சக்காரிக்கு. அதனால ஒண்ணும் ஆயிடல, பெரில். முன்னூறுல ஒண்ணு என்ன பண்ணும்? அது எங்க விழுந்திருந்தாலும் நான் தோத்திருப்பேன்."

முகத்தில் பாதிதான் அசைந்தது. கண்ணீர் மட்டும் இரண்டு கண்ணிலும் சமமாக வந்தது. அவள் இடது கையால் அவர் சட்டையிலிருந்த பூவைப் பிடித்து இழுத்தாள். ஒரு கையால் ஊக்கைக் கழற்ற முடியவில்லை. கழற்றிக் கொடுக்க வேண்டுமானால் அவர் கம்பியை விட வேண்டும். அவர் விடவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளக் கடையில் உள்ளூர்ப் பேப்பர் அடுக்கி வைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் அவர் படம். ரொட்டியைக் கடிக்கப்போகும் நேரத்தில் எடுத்தது, வாய் திறந்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'ஒரே ஒரு ஓட்டு!' பத்து மணிக்குத் தள்ளுவண்டியில் பேப்பர் மாடிக்குப் போகும்.

"எத்தனை இருக்கு?"

"பதினாலு. எத்தனை வேணும், கண்ணு?" என்றாள் கடைக்காரி.

"பதினாலு."

அவள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. "அட, நீங்கதானா! சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுக்கவா? ஜெயிச்சுட்டீங்க போல!"

"ஆமா" என்றார். இரண்டு கையிலும் பேப்பர் இருந்தது.

வாசலுக்கு வந்து தொட்டியைத் தேடினார். தொட்டி இருந்தது. காபிக் கோப்பைகளும் வாழைப்பழத் தோலும் வழிந்து தரையில் கிடந்தன. ட்ரெவர் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நோட்டை எடுத்தார். 'ஆஸ்பத்திரி வாசல். குப்பைத்தொட்டி. குறைந்தது இரண்டு நாளாக எடுக்கவில்லை. சனி, 9.10.' அடியில் கோடு போட்டார்.

கோடு போட்ட பிறகுதான், இதை யாரிடம் கொடுப்பது என்று யோசித்தார்.