முத்துராணி தொடாத ஃபைல்

மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டாமா? அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரையாவது பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். யாரை என்றுதான் தெரியவில்லை.

எங்களுடையது பாளையங்கோட்டையில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் உள்ள கம்பெனி. பஸ் முதலாளிகளுக்கு மென்பொருள் செய்கிறோம். எந்த டிரைவருக்கு எந்த டிரிப், நடுவில் எவ்வளவு ஓய்வு என்ற விதிகளை எழுதிக் கொடுத்தால், எங்கள் கம்பைலர் படித்து டூட்டி அட்டவணை போட்டுவிடும். அதற்கு உயிர்நாடி, மணிக்கணக்குப் பார்க்கும் ‘நேரம்’ என்ற பேக்கேஜ். எழுதியவர் எங்கள் முதலாளி திருஞானசம்பந்தம் சார். ஃபைலின் உச்சியில் அவர் பெயர் இருக்கும். அதில் யாரும் கை வைத்தது கிடையாது.

எங்களிடம் தற்காலிகமாகச் சேர்ந்த முத்துராணி சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். அவள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள். புதிதாக வந்த பஸ் கம்பெனிக்கு அவள் செய்த வேலை பிடித்துப்போனால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு என்று சார் முன்பே சொல்லியிருந்தார்.

அதைக் காட்டப் போன இடத்தில் சார் ஆர்வக்கோளாறில் தன் லேப்டாப்பிலேயே ஓட்டினார். அந்த பஸ் கம்பெனி மேனேஜர் நமச்சிவாயம் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன சார் இது? ராத்திரி பன்னெண்டரைக்கு வண்டிய நிறுத்துதவன் நாலு மணிக்கு மறுபடி எடுக்கணுமா? அவன் எப்பம் தூங்குவான்?”

சார் முகம் கறுத்துவிட்டது. “நேத்து சரியாத்தானம்மா வந்துச்சு?”

“என் தப்புதான் சார்,” என்றாள் முத்துராணி.

ஆபீஸுக்குத் திரும்பியதும் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வேணி, அந்தப் பிள்ளைய நாளையிலிருந்து வரவேண்டாம்னு பைய சொல்லிரு.”

எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் எழுதியதை அவள் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். அட்டவணை கச்சிதமாக வந்தது. அதே விதிகள், அதே கம்பைலர்! உள்ளே போய்ப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

எங்கள் கம்பைலரில் ஒரு வசதி உண்டு. டிஸ்கில் ஃபைலே இல்லாமல், ‘இந்தப் பெயரில் பேக்கேஜ் இதுதான்’ என்று புரோகிராமிலிருந்தே மெமரியில் பதிந்துவிடலாம். பதிந்தபின் கம்பைலர் டிஸ்க் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. புரோகிராமை மூடினால் பதிந்ததும் போய்விடும். சோதனைக்கென்று வைத்தது. சாருடைய ‘நேரம்’, டிரிப் நடுராத்திரி தாண்டி முடிந்தால் ஓய்வுக் கணக்கில் ஒரு முழு நாளைக் கூடச் சேர்த்துவிடுகிறது. மூன்றரை மணி நேர ஓய்வு அதன் கண்ணுக்கு ஒரு நாளுக்கும் மேல். முத்துராணி அதைக் கண்டுபிடித்து, தன் லேப்டாப்பில் ஒரு தனி புரோகிராம் வைத்து, திருத்திய ‘நேரத்தை’ ஒவ்வொரு தடவையும் மெமரியில் பதிந்து ஓட்டியிருக்கிறாள். சார் லேப்டாப்பில் அது இல்லாததால் டிஸ்கில் இருந்த பழைய ‘நேரம்’தான் ஓடியிருக்கிறது. சாருடைய ஃபைலை அவள் தொடவே இல்லை.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் படித்தார். பிறகு முத்துராணியை வரச் சொன்னார்.

“ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“நீங்க எழுதுனதுலா சார். அதுல போய் நான் எப்படி...”

“அதுக்காக வேலை போனாலும் பரவாயில்லையா?” என்று நான் கத்தினேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

சார் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தடவினார். “திருச்செந்தூர் ரோட்டுல நம்மகிட்ட வாங்குன பழைய பஸ் கம்பெனி ஒண்ணு போன மாசம் ராத்திரி வண்டி விட ஆரம்பிச்சிருக்கு. அங்க ஓடுதது டிஸ்குல இருக்க இந்த ஃபைல்தான்.”

முத்துராணியின் அழுகை சட்டென்று நின்றது. அவள் திருத்தியது அவள் லேப்டாப்போடு நின்றுபோயிருந்தது. அங்கே ஒரு மாதமாக யாரோ தூங்காத கண்ணோடு, பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறார்கள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சார் முகத்தையும்தான்.

“வேலை உனக்கு உண்டும்மா. முதல் வேலை இதுதான்.” சார் அந்தக் கம்பெனி நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, போனை அவளிடம் நீட்டினார்.

அவள் போனை வாயருகே பிடித்தாள். “வணக்கம் சார். இன்னைக்கு ராத்திரி டூட்டிய நிறுத்தி வைங்க. அட்டவணைல தப்பு இருக்கு.”

“யாரு போட்ட தப்பு?” என்றது போன்.

அவள் சாரைப் பார்த்தாள். சார் ‘சொல்லு’ என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

“எங்க சார் எழுதுனதுல...” குரல் உள்ளே போய்விட்டது.

“கேக்கலியே!”

“சத்தமாச் சொல்லும்மா,” என்றார் சார்.