ஆட்டுத்தோல் உறைகள்

பழைய ஜாஸ் இசைத்தட்டுகளை வாங்கி விற்பது என் தொழில். ஆம்பூரில் இதைச் சொன்னால், நல்ல ஷூ கம்பெனி வேலையை விட்டவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். கம்பெனியில் தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத் தரம் பிரித்தவன் நான். இப்போது தட்டைச் சாய்த்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். பெங்களூரிலும் சென்னையிலும் என்னிடம் வாங்குகிறவர்கள் பொருளைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஜியாவுல்லா எழுதிய தரம் என்றால் அது தரம். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

போன மாதம் ஆக்னஸ் சிஸ்டர் என்னைச் சத்துவாச்சாரியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற நர்ஸ். அவர் கணவர் கிருபானந்தம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முப்பது வருஷம் ஃபினிஷிங் ஃபோர்மேன். மெஷின் இரைச்சலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போன காது, ஆறு வருஷத்துக்கு முன் சுத்தமாக அடைத்துவிட்டது. எதையும் நோட்டில் எழுதித்தான் காட்ட வேண்டும். அவரிடம் நூறு ஜாஸ் தட்டுகள் இருந்தன. தோல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்தது பாதி, பெங்களூரில் தேடிப் பிடித்தது பாதி. காது கேட்கிறவர்கள் வீட்டுக்கு அவை போய்ச் சேர வேண்டும், தான் உயிரோடு இருக்கும்போதே போக வேண்டும் என்பது அவர் ஆசை.

முதலில் அறுபது தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஆட்டுத்தோலில் உறை. காது அடைத்த வருஷம், மழைக்காலத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கிறது என்று இந்த அறுபதின் காகித உறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஷூவுக்கு உள்ளே வைக்கும் லைனிங் தோலிலேயே மிருதுவானதாகப் பார்த்துப் பொறுக்கித் தானே தைத்தாராம். தோல்காரனுக்குத் தோலைவிட நம்பிக்கையானது எது?

ஒன்றை உருவினேன். ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று வந்தது. கறுப்புத் தட்டு சாம்பல் பூத்துக் கிடந்தது. தோலை மிருதுவாக்க ஊட்டிய எண்ணெய் வேலையைக் காட்டிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. பிளேயரில் வைத்தேன். கடுகு வெடிக்கிற சத்தம், அதற்கு அடியில் எங்கேயோ ஒரு ட்ரம்பெட். இன்னும் நாலைந்து போட்டுப் பார்த்தேன். எல்லாம் அதே கதிதான்.

கிருபானந்தம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்னஸ் சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவர் இருக்கும்போதே சாதாரணக் குரலில் பேசினார்.

"எனக்குத் தெரியும் பாய். நாலு வருஷமா இப்படித்தான். சொல்லிடாதீங்க. உறை தெச்சதைத்தான் அவரு பெரிய காரியமா நெனைச்சிக்கினு இருக்காரு."

நோட்டில் 'முதல் தரம்' என்று எழுதினேன். இந்தத் தொழிலில் நான் எழுதிய முதல் பொய். அவர் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

ஆனால் என் பொய்க்கு ஐந்து நிமிஷம்கூட ஆயுசு இல்லை. உள்ளே போனவர், காகித உறையிலேயே இருந்த மீதித் தட்டுகளையும் வெட்டிய தோலையும் சுமந்து வந்தார்.

"மீதி நாப்பதுக்கும் தோல் வெட்டிட்டேன் பாய். பத்து நாள்ல தெச்சித் தர்றேன்," என்றார், காது கேட்காதவர்களின் உரத்த குரலில்.

ஆக்னஸ் சிஸ்டருக்கும் இது புதுச் செய்தி. அந்த நாற்பதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, சொல்லிவிடுங்கள் என்பதுபோல் தலையசைத்தார். எழுதியதை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: 'தோலில் உள்ள எண்ணெய் தட்டைக் கெடுத்துவிட்டது. அறுபதும் போய்விட்டது. நன்றாக இருக்கும் நாற்பதுக்கும் தோல் உறை போடாதீர்கள். மன்னியுங்கள்.'

அவர் படித்தார். ஒரு தட்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சிஸ்டர் தலையாட்டினார். எப்போதிருந்து என்றதற்கு நாலு விரலைக் காட்டினார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டு வந்து நான் ரெக்கார்டு போட்டா, நீ பக்கத்துல உக்காந்து முழங்கால்ல தாளம் போடுவியே. அதைப் பாத்துத்தான நான் பாட்டு கேட்டுக்கினு இருந்தேன். இந்த இரைச்சலுக்கா தாளம் போட்ட?"

ஆக்னஸ் சிஸ்டர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி எழுதினார்: 'எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம்.'

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

கிருபானந்தம் நோட்டை மூடி வைத்தார். பிறகு அந்த நாற்பது தட்டுகளையும் என் பக்கத்திலிருந்து நகர்த்தி, மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது விக்கறதுக்கு இல்ல பாய்," என்றார். "இவ கேக்கட்டும்."